கிழிந்த காது நரி

எங்கள் ஊரில் பொங்கல் முடிந்து கரிநாளன்று வங்காநரி பிடிப்பார்கள். சேலத்துக்கும் ஆத்தூருக்கும் இடையில் சில ஊர்களில் மட்டும் இருந்த வழக்கம் இது. வங்காநரி நம் பக்கத்து நரிகளிலேயே சிறியது. ஆட்டுக்குட்டியைத் தூக்கிப்போகும் அளவுக்கு அதற்கு உடம்பு கிடையாது. எலி, நண்டு, ஈசல், இலந்தைப்பழம் என்று தின்று, ஊருக்கு வடக்கே கல்லும் முள்ளுமான சிறு குன்றாகக் கிடந்த கரட்டில் வங்கு தோண்டிக் குடியிருக்கும். வால் நுனி மட்டும் மையில் தோய்த்தது போலக் கறுப்பாக இருக்கும்.

ஆண்கள் காலையிலேயே வலையோடு கரட்டுக்குப் போய் ஒன்றைப் பிடித்து வருவார்கள். கடிக்காமல் இருக்க வாயைக் கட்டி, பின்னங்காலில் கயிறு போட்டு, கழுத்தில் மாலை சூட்டி, தப்பட்டை அடித்துக்கொண்டு மாரியம்மன் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வருவார்கள். நரி முகத்தில் முழித்தால் அந்த வருஷம் வெள்ளாமை தப்பாது என்று நம்பிக்கை. பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். எல்லாம் முடிந்ததும் கரட்டடியில் கொண்டுபோய் அவிழ்த்து விடுவார்கள். அந்தக் கால்கயிற்றை முதலில் பிடிக்கிற உரிமை எங்கள் வீட்டுக்கு. தாத்தாவுக்குப் பிறகு அப்பா பிடித்தார்.

என் தங்கைக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். நான் கும்பிட்டேன். அவள் கும்பிடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து நரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கும்பிட்டுக்க சாமி. நரி முகத்துல முழிச்சா நல்லது" என்றார் அப்பா அவளிடம்.

"நமக்கு நல்லது. அது நம்ம முகத்துல முழிச்சிருக்கே, அதுக்கு என்னப்பா ஆகும்?"

தப்பட்டைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தப் பேச்சைச் சொல்லி, "எம்பொண்ணு கேட்டா பாருங்க ஒரு கேள்வி" என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

அவளுக்குப் பத்து வயதாகும் முன்பே அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டார்கள். நான் அவளைவிட ஏழு வயது மூத்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மைல் தள்ளிப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் முதலில் அவளுக்குத் தலைவாரிவிட்டுத்தான் மணி அடிப்பேன். அவள் மடியில் எப்போதும் ஏதாவது இருக்கும். ஓணான் முட்டை, காடை இறகு, ஒருமுறை உயிருள்ள தேள்.

சேலத்தில் விலங்கியல் படித்தாள். மேல்படிப்புக்கு மெட்ராஸ் போனாள். அங்கே காட்டு உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று வேலை செய்கிற சிலரோடு சேர்ந்தாள். ஆராய்ச்சிக்கு என்ன எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று நான் கேட்டபோது, "நம்மூரு நரியத்தான். வேற எதைப் பத்தி எனக்குத் தெரியும்?" என்றாள்.

இரண்டு வருஷம் விடுமுறை தவறாமல் வந்து கரட்டில் உட்கார்ந்தாள். தொப்பி ஒன்று, கழுத்தில் தொங்கும் தூரப்பார்வைக் கண்ணாடி, நோட்டுப் புத்தகம். வயசுப்பெண் ஒருத்தி வெயிலில் கல் மேல் உட்கார்ந்து நரி வங்கையே பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன பேசுமோ அதையெல்லாம் பேசியது. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் தானே தூக்குப்போசியில் கம்மங்கூழ் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடி குடித்துவிட்டு வருவார். பீடி வாசத்துக்கு நரி வெளியே வராது என்று அவள் சொன்ன பிறகு பீடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். கரட்டில் வெள்ளாடு மேய்க்கும் ஓர் அம்மாள். எந்த வங்கில் எத்தனை குட்டி, எந்த நரி நொண்டுகிறது என்று என் தங்கை எழுதிவைத்ததில் பாதி அந்த அம்மாள் சொன்னது.

அவள் தொலைக்காட்சிக்குப் போனது யாரும் எதிர்பாராமல் நடந்தது. மெட்ராஸ் நிலையத்தில் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் ஐந்து நிமிஷம் பாம்புகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். இவள் சாரைப்பாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மூர்ப் பேச்சிலேயே பேசிவிட்டு வந்திருக்கிறாள். அங்கே தயாரிப்பாளராக இருந்த அம்மையாருக்கு அவள் பேச்சு பிடித்துப்போனது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காட்டு உயிர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்தச் சொன்னார். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது.

"மொதல்ல 'ஊடு'ன்னு சொல்லாதே, 'வீடு'ன்னு சொல்லுன்னாங்க அக்கா. ரெண்டு தடவ திருத்திப் பார்த்தாங்க. அப்பறம் அவங்களே விட்டுட்டாங்க" என்று சிரித்தாள்.

கோடியக்கரைக்குப் போய் வெளிநாட்டுப் பறவைகளைக் காட்டினாள். மேச்சேரிப் பக்கம் செம்மறி மேய்க்கிறவர்களிடம் ஓநாயைப் பற்றிப் பேசவைத்தாள். பல்லி விழுந்தால் பலன் பார்க்கும் நாம் பல்லி என்ன தின்னும் என்று பார்த்திருக்கிறோமா என்று ஒரு வாரம் கேட்டாளாம். அதற்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்ததாம். எல்லாம் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மெட்ராஸ் படம் எங்கள் பக்கத்தில் தெரியாது. சேலத்தில் பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் பிற்பாடு டெல்லி நிகழ்ச்சிதான் வந்தது.

அதனால் அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா, "டிவியில இந்தத் தடவ என்ன பேசுன?" என்று கேட்பார். அவள் வாசலில் நின்று வணக்கத்தில் தொடங்கி முழுதும் பேசிக் காட்டுவாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். சினிமாவில் நடிக்கிற பெண் என்று ஊரில் சிலர் சொன்னபோது, "நடிக்கல, உள்ளதச் சொல்றா" என்றார்.

அந்த நம்பிக்கையில்தான் வங்காநரி பிடிப்பதைப் படம் எடுக்க அவள் கேட்டபோது ஊருக்குக் கெட்ட பேர் வராது என்று அப்பா ஊரில் வாக்குக் கொடுத்து அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

"நான் உள்ளதத்தான் சொல்லுவேன்ப்பா" என்று அவள் அப்போதே சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சொல்லு சாமி. உள்ளதச் சொன்னா என்ன?"

அந்தப் பொங்கலுக்குக் கேமராக்காரர்கள் வந்தார்கள். ஊரே புதுத்துணி உடுத்தி நின்றது. வழக்கத்தைவிடப் பெரிய மாலை, கூடுதலாக இரண்டு தப்பட்டை. அப்பா துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். என் தங்கை கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லாததை நான் கவனித்தேன். வேலை பார்க்கிறாள், அதனால் அப்படி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி மாசியில் ஒளிபரப்பானது. ஊரில் யாரும் பார்க்கவில்லை. சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு மெட்ராஸில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அவர் பார்த்திருந்தார். அவர் சொன்னது கோயிலைத் தாண்டுவதற்குள் வேறாக மாறி, எங்கள் வாசலுக்கு வந்துசேர்ந்தபோது இப்படி ஆகியிருந்தது:

"ஏனுங்க, உங்க பொண்ணு டிவியில நம்மளக் காட்டுமிராண்டின்னு சொல்லுச்சாமுங்க."

அப்பா நம்பவில்லை. ஆனால் அடுத்த மார்கழியில் வனத்துறை ஆட்கள் ஜீப்பில் வந்து, இனி நரி பிடித்தால் வழக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு உண்மைதானா என்று ஊர் சந்தேகப்படவில்லை. கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அப்பாவை நடுவில் நிற்கவைத்து, வாக்குக் கொடுத்தது நீங்கள்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். இனி முதல் கயிறு உங்கள் வீட்டுக்குக் கிடையாது என்றார்கள். சரி என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

சித்திரையில் அந்தப் பேச்சு வந்ததிலிருந்தே அவர் அவளோடு சரியாகப் பேசவில்லை. கூட்டம் நடந்த வாரம் அவள் வந்தாள். அப்பா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"அப்பா, நான் அப்படிச் சொல்லவே இல்ல. என்ன சொன்னேன்னு சொல்றேன், கேளுங்க."

அவர் நிமிரவே இல்லை. "உன்னைய நம்பி நான் ஊருக்கு வாக்குக் குடுத்தேன். இனி இந்த ஊட்டுக்கு வராதே."

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தே என் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. என் கணவர் அப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றதற்கு, "வேண்டாம் மாமா, அவருக்கு அவமானமா இருக்கும்" என்றாள்.

பொங்கலுக்கும் என் வீட்டில்தான் இருந்தாள். கரிநாளன்று காலை ஆடு மேய்க்கும் அம்மாள் அவளைத் தேடிக்கொண்டு வந்து ஒரு செய்தி சொன்னாள். வழக்கு வந்தாலும் வரட்டும், வழக்கத்தை விடக்கூடாது என்று சில இளவட்டங்கள் திருட்டுத்தனமாக ஒரு நரியைப் பிடித்துவிட்டார்கள். சாயங்காலம் கோயிலுக்குக் கொண்டுவரலாம் என்று யாரும் போகாத ஒரு மோட்டார் கொட்டாயில் சாக்குப்போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். வலையில் மாட்டியதில் காது கிழிந்து ரத்தம் சொட்டுகிறது.

என் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் தடுத்தேன். "சாயங்காலம் வரைக்கும் ரத்தம் போனா செத்துடும் அக்கா" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். வலதுகைக் கட்டைவிரலுக்குக் கீழே தாவணித் துணியைச் சுற்றியிருந்தாள். "உட்டுட்டு வந்துட்டேன். கரட்டுல ஏறி ஓடிடுச்சு. நான்தான்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அப்பாவ இன்னும் ஒருவாட்டி நடுவுல நிக்கவெப்பாங்க" என்றாள்.

"கையில என்ன?"

"வேலிமுள்ளு கிழிச்சிடுச்சு."

சோப்புப் போட்டு நானே கழுவிவிட்டேன். முள் கிழித்தால் கோடாக இருக்கும். அது கோடாக இல்லை. மேலே இரண்டு, கீழே ஒன்று, ஆழமான புள்ளிகள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டினேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. மத்தியானப் பஸ்ஸில் சேலம் போய் மெட்ராஸுக்கு ரயிலேறிவிட்டாள்.

சாக்கு காலியாகக் கிடந்ததைப் பார்த்து, நரியே வாய்க்கட்டை உதறிவிட்டு, கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று பையன்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட முகவரிக்கு அவளிடமிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர் வந்தது. நலம் விசாரித்துவிட்டு, "அந்தக் காது கிழிந்த நரி இன்னும் கரட்டில் தென்படுகிறதா? நீயே போய்ப் பார்த்து உடனே எழுது அக்கா" என்று எழுதியிருந்தாள். எதற்கு என்று எழுதவில்லை. அவளுக்கு நரி மேல் இருந்த பாசத்தால் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அது பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் வாரம். பதிவேடுகளை எழுதி முடிக்கவே நேரம் போதவில்லை. கரடு ஏற எனக்கு முடியவில்லை. ஆடு மேய்க்கும் அம்மாள் பள்ளிக்கூடத்து வழியாகப் போகும்போது ஜன்னலில் நின்றே கேட்டேன்.

"கரட்டுல நரி தென்படுதா?"

"தெனமும் பார்க்கறனுங்க டீச்சரம்மா. காலைலகூட ஒண்ணு ஓடுச்சு."

போதும் என்று பட்டது. அன்றைக்கே எழுதிப் போட்டேன். "உன் நரி இருக்கிறது. நன்றாக ஓடியாடிக்கொண்டு இருக்கிறது. கவலைப்படாதே." நானே பார்த்தது போலத்தான் எழுதினேன்.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவள் என் வீட்டுக் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் வந்திருந்தாள். முகம் சிவந்து, கண் பளபளவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல். வலதுகையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் தொண்டை இழுத்துக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஃபேன நிறுத்து அக்கா. காத்து தொண்டையில குத்துது."

நிறுத்தினேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தாள். பிறகு ரொம்பத் தெளிவாகப் பேசினாள். பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது.

"அன்னிக்கு நரி கடிச்சிடுச்சு அக்கா. வாய்க்கட்ட அறுக்கும்போது. மெட்ராஸ் போய் மருந்து கெடைக்க ஒரு வாரம் ஆச்சு, தொப்புளச் சுத்தி ஊசி போட ஆரம்பிச்சேன். நாய்க்குப் பார்க்கற மாதிரி, கடிச்ச மிருகம் பத்து நாளைக்கு மேல உசுரோட இருந்தா வெறிநோய் இல்லேன்னு அர்த்தம், ஊசிய நிறுத்திக்கலாம்னாங்க. உன் லெட்டர் வந்துச்சு. நிறுத்திட்டேன். மறுநாள் படப்பிடிப்புக்குக் கோடியக்கரை போகவேண்டியிருந்துச்சு."

நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் சொம்பு இருந்தது.

"நீ பார்த்தது காது கிழிஞ்ச நரிதானே?"

என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"போகலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் என் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் இத்தனை வருஷம் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "எதுக்குக் கேக்கறேன்னு நான் எழுதியிருக்கணும். அது என் தப்பு" என்றாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இடதுகையால் என் தலையைத் தொட்டாள். "அழாதே. வேலை இருக்கு. நான் சொல்றதக் கேட்டுக்க."

அவள் சொன்னது இதுதான். நரி கடித்து இப்படி ஆனது என்று ஊருக்குள் ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒரு வங்கு விடாமல் புகை போட்டு அத்தனையையும் அடித்துக் கொன்றுவிடுவார்கள். பயத்தில் செய்வார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. "குட்டி போட்டிருக்கிற நேரம் இது. ஒண்ணுகூட மிஞ்சாது" என்றாள்.

என் கணவர் வாடகைக் கார் பிடித்துவந்தார். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தனியாக ஒரு அறை. ஜன்னலில் கறுப்புத்துணி கட்டினார்கள். வயதான டாக்டர் ஒருவர் என்னை வெளியே கூட்டிவந்து, அவளே எங்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டாள் அம்மா, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களால் முடியும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அப்பா வந்தார். என் கணவர் போய்க் கூட்டிவந்திருந்தார். வழியிலேயே எல்லாம் சொல்லியிருந்தார், என் கடிதத்தைத் தவிர. அது அவருக்கும் தெரியாது.

அப்பா கதவருகில் நின்றார். உள்ளே போகலாமா என்று நர்ஸிடம் கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். கொஞ்சம் அடங்கியிருந்த நேரம். கண் திறந்தவள் அவரைப் பார்த்தாள்.

"அப்பா. பக்கத்துல வராதீங்க."

"வாரேன் சாமி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கட்டில் காலடியில் நின்றார். ஒரு வருஷமாகப் பேசாத மனுஷர். வேஷ்டி நுனியை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"ஊருல என்னன்னு கேப்பாங்கப்பா."

"கேக்கட்டும்."

"நரின்னு சொல்லிடாதீங்க."

அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சந்தையில் மாடு விற்கும்போது அது உதைக்கும் என்று தானே முந்திக்கொண்டு சொல்லி விலையைக் குறைத்துக்கொள்கிறவர். அவளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"சொல்லமாட்டேன் சாமி" என்றார்.

"கோவமாப்பா?"

"கோவமெல்லாம் இல்ல. போயிடுச்சு." அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, தோள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. வியாழக்கிழமை காலை போய்ச் சேர்ந்தாள். இருபத்தாறு வயது.

ஊருக்குக் கொண்டுவந்தோம். அவளைத் திட்டிப் பேசியவர்கள் உட்பட எல்லோரும் வந்தார்கள். கூட்டத்தில் அப்பாவைக் கேள்வி கேட்டவர்தான் முதலில் பாடைக்குத் தோள் கொடுத்தார். எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே வார்த்தையைச் சொன்னார்.

"மூளைக் காய்ச்சலுங்க."

நூறு பேராவது கேட்டிருப்பார்கள். நூறு பேருக்கும் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். துக்கத்தில் அப்படி இருக்கிறார் என்று நினைத்தார்கள்.

கருமாதி முடிந்த பிறகு நான் ஆடு மேய்க்கும் அம்மாளைத் தேடிக் கரட்டுக்குப் போனேன். கேட்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"காது கிழிஞ்சதுங்களா? அப்படி ஒண்ண நான் பார்க்கலீங்களே டீச்சரம்மா. முன்னயே கேட்டிருந்தா தேடிப் பார்த்திருப்பேனே" என்றாள். எதற்கு இப்போது கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. சின்னம்மா செத்துப்போச்சே என்று என் தங்கையை நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெட்ராஸ் விடுதியில் கிடந்த அவளுடைய சாமான்களை எடுக்க வைகாசியில் நான் போனேன். இரண்டு புடவை, நாலு பாவாடை தாவணி, மீதியெல்லாம் புத்தகமும் நோட்டும்தான். தயாரிப்பாளர் அம்மையார் என்னை நிலையத்துக்குக் கூட்டிப்போனார். சின்ன அறையில் ஒரு பெட்டி முன்னால் உட்காரவைத்து நரி நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினார். என் தங்கையை டிவியில் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கறுப்பு வெள்ளையில் எங்கள் கோயில், எங்கள் ஜனங்கள், தலைப்பாகையோடு அப்பா. எல்லாவற்றுக்கும் முன்னால் அவள். காட்டுமிராண்டி என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. "எங்க ஊர்க்காரங்க நல்லவங்க. நரிய சாமியா நெனைக்கறாங்க. சாமின்னா வாயக் கட்டலாமான்னுதான் அவங்ககிட்டக் கேக்கறேன். கயிறு பிடிச்சிருக்கறவரு எங்கப்பா. நான் கேட்டா அவரு அவுத்து உட்டுடுவாரு. அந்தத் தைரியத்துலதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அம்மையார் மறுபடி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வனத்துறையில் சொல்லிக்கொள்ளலாம், நரி பிடிக்கப் போகிறோம், முதல் கயிற்றைப் பழையபடி நீங்களே பிடியுங்கள் என்றார்கள். இரக்கத்தில்தான் கேட்டார்கள். "எனக்கு வேண்டாமுங்க. நீங்களும் இந்த ஒரு வருஷம் உட்டுடுங்க" என்று அப்பா கைகூப்பினார். அவர்கள் சங்கடத்தோடு எழுந்து போனார்கள். அந்த வருஷம் வேறொருவர் கயிறு பிடித்தார். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

யாரும் வங்குகளில் புகை போடவில்லை. அவள் கேட்டது நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பெருக, மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்தது. கரட்டின் அடிவாரத்தைத் திருத்திக் கிழங்கு போட்டார்கள். மேலே கல் உடைக்க ஏலம் விட்டார்கள். வெடிச்சத்தம் தொடங்கிய பிறகு நரிகள் தாமாகவே குறைந்தன. அவள் காப்பாற்ற நினைத்ததை யாரும் கோபத்தில் அழிக்கவில்லை. பிழைப்புக்காக அழித்தார்கள், அதில் எங்கள் வயலும் உண்டு.

அப்பா அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் விதைக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று கேட்டார்.

"அத்தனை படிச்ச புள்ள. ஊசிய ஏன் பாதியில நிறுத்துனா?"

என் கணவரிடமோ என் பிள்ளைகளிடமோ கூட நான் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னதில்லை. அவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, கடலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முறத்தில் இருந்த தோலை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு அடுத்த கைப்பிடிக் கடலையை எடுத்தார்.